சங்கத்தின் மென்பொருள் லைசென்ஸுகளும் அவற்றின் கணக்கும்

ஆண்டு முடிவில் சரக்கிருப்பு எடுப்பது நமக்குப் புதிய காரியம் அன்று. நூல் சிப்பங்களை எண்ணுகிறோம். தறிகளில் எவ்வளவு நூல் நிற்கிறது என்று மதிப்பிடுகிறோம். உர மூட்டைகளை அடுக்கு அடுக்காகப் பார்க்கிறோம். பிறகு தளவாடப் பதிவேட்டைத் திறந்து மேசை, நாற்காலி, இரும்புப் பெட்டி, தராசு, மின்விசிறி என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, கால் உடைந்த நாற்காலியைக்கூட விடாமல் எழுதி, தலைவரும் காரியதரிசியும் கையொப்பமிடுகிறார்கள். அந்தப் பதிவேட்டில் 'கம்ப்யூட்டர் 4' என்று ஒரு வரியும் இருக்கும். அந்த நான்கு பெட்டிகளுக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும் அநேகமாக எந்தப் பதிவேட்டிலும் இராது.

கண்ணுக்குத் தெரியாத பொருளை எப்படி எண்ணுவது என்ற மலைப்பு இதற்கு ஒரு காரணம். 'வாங்கும்போதே பணம் கொடுத்தாகிவிட்டது. இனி அதில் கணக்கு என்ன?' என்னும் எண்ணம் மற்றொரு காரணம். இரண்டும் சரியல்ல. பெட்டியின் விலையைக் காட்டிலும் அதனுள் இருக்கும் மென்பொருள்களின் விலை கூடுதலாக இருப்பது உண்டு. மேலும், பெட்டி நம்முடைய சொத்து. மென்பொருள் நம்முடைய சொத்து அன்று. அதை உபயோகிக்க நமக்கு அநுமதி கிடைத்திருக்கிறது, அவ்வளவே. அந்த அநுமதிக்குத்தான் லைசென்ஸ் என்று பெயர். இந்த வித்தியாசத்தை அங்கத்தினர்கள் மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

தறியும் அட்டையும்

மென்பொருள் என்றால் என்ன என்பதை நெசவாளர்களுக்கு விளக்க அதிகச் சிரமம் வேண்டியதில்லை. ஜக்கார்டு பெட்டி பூட்டிய தறியின் மேலே, துளையிட்ட அட்டைகளைக் கோத்த மாலை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. எந்தப் பாவிழை எழ வேண்டும், எது தாழ்ந்து கிடக்க வேண்டும் என்று ஒவ்வோர் ஊடைக்கும் அந்த அட்டை கட்டளையிடுகிறது. தறி ஒன்றே; அட்டையை மாற்றினால் மாங்காய் போய் மயில் வருகிறது. தறிதான் கம்ப்யூட்டர், அட்டைக் கோவைதான் மென்பொருள். இந்த ஒப்புமை நானாகக் கற்பித்தது அன்று. இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்பவர் 1830-களில் திட்டமிட்ட கணக்கிடும் இயந்திரத்துக்கு இந்த அட்டை முறையையே நெசவாளரிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

ஜக்கார்டின் வரலாற்றில் நம் விஷயத்துக்கு நேராகப் பொருந்தும் செய்தி ஒன்றும் இருக்கிறது. பிரான்சு தேசத்தில் லியோன் நகரத்தவரான ஜோசப் மரீ ஜக்கார்டின் தறியை 1805-இல் நெப்போலியன் சக்கரவர்த்தி பார்வையிட்டார். தறியின் உரிமை லியோன் நகரத்துக்கு அளிக்கப்பட்டது. அதற்கு ஈடாக ஜக்கார்டுக்கு ஆயுட்காலம் முழுவதும் 3,000 பிராங்க் உபகாரச் சம்பளமும், 1805 முதல் 1811 வரை வாங்கி உபயோகித்த ஒவ்வொரு தறிக்கும் 50 பிராங்க் வீதம் உரிமைத் தொகையும் ஏற்பட்டன. தறியைச் செய்த தச்சனுக்கும் கொல்லனுக்கும் கூலி தனி. இந்த 50 பிராங்க் மரத்துக்கோ இரும்புக்கோ கொடுத்ததல்ல, அவற்றுள் அடங்கிய யுக்திக்குக் கொடுத்தது. இன்று ஒரு மென்பொருள் கம்பெனி 'கம்ப்யூட்டர் ஒன்றுக்கு இவ்வளவு' என்று கேட்பது ஏதோ புது மோசடி என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தறி ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் உலகத்தில் இந்த வழக்கம் சற்றுத் தாமதித்தே வந்தது. முதலில் ஐ.பி.எம். போன்ற கம்பெனிகள் இயந்திரத்தோடு நிரல்களையும் சேர்த்தே கொடுத்துவந்தன. 1969 ஜூன் மாதத்தில் அந்தக் கம்பெனி இரண்டையும் பிரித்து விலை வைக்கப்போவதாக அறிவித்தது. மென்பொருள் தனிச் சரக்காக வளர்ந்ததற்கு அது ஒரு முக்கியமான காரணம்.

விவசாய அங்கத்தினர்கள் விதையை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள், விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையைக்கூட விவசாயி சேர்த்து வைக்கவும், மறுபடி விதைக்கவும், பக்கத்துக் காட்டுக்காரரோடு பரிமாறிக்கொள்ளவும், விற்கவும் இடம் தருகிறது. முத்திரைப் பெயரிட்டு விற்கக் கூடாது என்பதே அதில் உள்ள தடை. இந்தப் பழக்கத்தை அப்படியே கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகக் கூடாது. மென்பொருளில் இழப்புக்கும் சேதத்துக்கும் காப்பாக ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளச் சட்டம் அநுமதிக்கிறது. அந்தப் பிரதியைப் பக்கத்துச் சங்கத்துக்குக் கொடுக்கவோ, நம்முடைய இரண்டாவது கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளவோ லைசென்ஸில் இடம் இருந்தால் ஒழிய உரிமை இல்லை.

சட்டம் சொல்வது

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984-இல் செய்த திருத்தம் கம்ப்யூட்டர் நிரல்களையும் இலக்கியப் படைப்புகளின் வரிசையில் சேர்த்தது. காவியமும் நாவலும் நூல் இருப்புக் கணக்கு எழுதும் நிரலும் சட்டத்தின் பந்தியில் ஒன்றாகவே அமர்ந்திருக்கின்றன. 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் 63பி என்னும் பிரிவு வந்தது. உரிமையில்லாத பிரதி என்று தெரிந்தே ஒரு நிரலைக் கம்ப்யூட்டரில் உபயோகிப்பவருக்கு ஏழு நாட்களுக்குக் குறையாமல் மூன்று ஆண்டுகள் வரை சிறையும், 50,000 ரூபாய்க்குக் குறையாமல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் என்பது அதன் சாரம். லாபத்துக்காகவோ வியாபாரத்திலோ உபயோகிக்கவில்லையானால் நீதிமன்றம் தக்க காரணம் காட்டிச் சிறையைத் தவிர்த்து, 50,000 ரூபாய் வரை அபராதத்தோடு விடலாம். சேலை விற்கிற சங்கமும் உரம் விற்கிற சங்கமும் இந்தச் சலுகையை நம்பி இருக்க முடியாது.

யாருக்குத் தண்டனை என்று கேட்கலாம். அதே சட்டத்தின் 69-ஆம் பிரிவு, ஒரு நிறுவனம் குற்றம் செய்தால் அப்போது அதன் காரியங்களை நடத்தும் பொறுப்பில் இருந்தவர்களையும் குற்றவாளிகளாகக் கருதுகிறது. கம்பெனி என்ற சொல்லுக்கு அங்கே கூறியுள்ள பொருள் நபர்கள் சேர்ந்த சங்கங்களையும் அடக்கும். சம்பளம் இல்லாமல் பொதுக் காரியமாக டைரக்டர் பதவி வகிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் அந்தப் பிரிவிலேயே ஒரு காப்பும் இருக்கிறது: தனக்குத் தெரியாமல் அது நடந்தது என்றோ, அது நடவாமல் தடுக்கத் தக்க கவனம் எல்லாம் எடுத்துக்கொண்டதாகவோ ஒருவர் நிரூபித்தால் அவர் தண்டனைக்கு உள்ளாவதில்லை. தக்க கவனம் எடுத்துக்கொண்டதை எதைக்கொண்டு நிரூபிப்பது? வாயால் சொன்னால் போதுமா? இங்கேதான் பதிவேட்டின் பிரயோஜனம் தெரியவருகிறது.

ஒரு தீபாவளிக்கு முன்னால்

சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்துவது என் நோக்கம் அன்று. உள்ளபடி சொன்னால், திருட்டுப் பிரதியினால் நேர்ந்த துன்பத்தைவிட, பணம் கொடுத்து முறையாக வாங்கியதைக் கணக்கில் வைக்காததனால் நேர்ந்த துன்பத்தையே நான் நேரில் கண்டிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் நிர்வாகக் குழுவில் இருந்த ஒரு நெசவாளர் சங்கத்தில், நூல் கணக்கும் கூலிக் கணக்கும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தன. கணக்கு மென்பொருளை உள்ளூர் வியாபாரி ஒருவர் மூலம் பில் போட்டு வாங்கியிருந்தோம். அதைப் பதிவு செய்த தினத்தில் சங்கத்துக்கென்று மின்னஞ்சல் முகவரி இல்லாதபடியால், வந்த பையன் தன் கடையின் முகவரியையே எழுதிவிட்டான். அப்போது அது உதவியாகத் தோன்றியது. நாங்கள் நன்றிகூடச் சொன்னோம்.

தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருக்கையில் அந்தக் கம்ப்யூட்டர் பழுதாயிற்று. கணக்கின் நகல் தனியே பத்திரமாக இருந்தது. புதுக் கம்ப்யூட்டரும் மறுநாளே வந்தது. ஆனால் மென்பொருளை ஏற்றியபோது, பழைய இயந்திரத்திலிருந்து லைசென்ஸை விடுவித்தால்தான் புதியதில் வேலை செய்வேன் என்று அது நின்றுவிட்டது. விடுவிப்பதற்கான இரகசிய எண் பதிவான மின்னஞ்சலுக்குப் போகும். அந்தக் கடையோ மூடி இரண்டு வருஷம் ஆயிற்று. கடைக்காரர் வேறு ஊரில் வேறு தொழிலில் இருந்தார். அந்த முகவரியின் சங்கேதச் சொல் அவருக்கே நினைவில் இல்லை. கம்பெனிக்கு எழுதினோம். அவர்கள் மரியாதையாகவே பதில் சொன்னார்கள்: வாங்கியது உங்கள் சங்கம்தான் என்பதற்குப் பில் அனுப்புங்கள் என்றார்கள். பில் எந்த வருஷத்து வவுச்சர் கட்டில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒன்பது நாள் தேடினோம்.

அந்த ஒன்பது நாளும் கூலிப் பட்டுவாடா நின்றது. போனஸ் கணக்கும் போட முடியவில்லை. ஓய்வு பெற்றிருந்த பழைய குமாஸ்தாவை அழைத்துவந்து, சேலை வரவுச் சீட்டுகளைக் கொண்டு கையாலேயே ஒரு கணக்கு எழுதி முன்பணம் கொடுத்தோம். காரியாலயத்துத் திண்ணையில் காத்திருந்த ஒரு வயதான அம்மாள் என்னைப் பார்த்து, "ஏன் தம்பி, நூல் இருக்குது, தறி இருக்குது, பாங்கியிலே பணமும் இருக்குதுங்கிறீங்க. அப்புறம் எதுதான் இல்லே?" என்று கேட்டார். இல்லாதது ஒரு துண்டுக் காகிதம் என்று அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

லைசென்ஸில் பல ஜாதி

எல்லா லைசென்ஸும் ஒரே மாதிரி இல்லை என்பதுதான் பலரைத் தடுமாறச் செய்கிறது. கம்ப்யூட்டர் வாங்கும்போதே அதில் ஏற்றி வருகிற விண்டோஸ் போன்றவை பெரும்பாலும் அந்தப் பெட்டியோடு பிறந்து அந்தப் பெட்டியோடு போகிறவை. பெட்டி பழுதானால் அந்த அநுமதியை வேறு பெட்டிக்கு மாற்ற முடியாது. கடையில் தனியே வாங்கினவற்றைப் பெரும்பாலும் ஓர் இயந்திரத்திலிருந்து எடுத்து வேறொன்றில் வைக்கலாம்; ஆனால் ஒரே சமயத்தில் இரண்டில் வைக்கக் கூடாது.

சிலவற்றில் அநுமதி இயந்திரத்துக்கு அன்று, ஆளுக்கு. டிசைன் போடுகிற ஒருவர் பெயருக்கு வாங்கியதை அவர் எந்த மேசையில் உட்கார்ந்தும் உபயோகிக்கலாம். அவர் விலகிப் போனால் பெயரை மாற்றி எழுத வேண்டும். இன்னும் சிலவற்றில் ஒரே சமயத்தில் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. பொதுத் தறிக்கூடத்தில் ஐந்து தறி இருக்கிறது, பன்னிரண்டு பேர் முறை வைத்து நெய்கிறார்கள் என்பதைப் போல. ஆறாவது ஆள் வந்தால் ஒருவர் எழுந்திருக்கும்வரை காத்திருக்க வேண்டும். பலர் கணக்கு எழுதும் பெரிய சங்கங்களுக்கு இந்த வகை மலிவு. நம் போன்ற சிறிய சங்கங்களுக்கு அநேகமாக ஒற்றை ஆள் லைசென்ஸே போதும். விற்பனை செய்பவர் வற்புறுத்துகிறார் என்று பலர் உபயோகிக்கும் லைசென்ஸை வாங்கிய சங்கங்களை நான் அறிவேன்.

கால அளவிலும் இரு வகை உண்டு. ஒன்று, ஒரு முறை விலை கொடுத்தால் என்றைக்கும் உபயோகிக்கலாம். மற்றொன்று குத்தகை போன்றது. மாதமோ வருஷமோ பணம் கட்டும்வரைதான். முன்பு பெரும்பாலானவை முதல் வகையாகவே இருந்தன. சேலை டிசைனுக்கும் அட்டை வெட்டுவதற்கான வரைபடத்துக்கும் நம்மவர்கள் பலர் உபயோகிக்கிற போட்டோஷாப்பைச் செய்யும் அடோபி கம்பெனி, 2013-இல் தன் புதிய பதிப்புகளைக் குத்தகை முறைக்கே மாற்றிவிட்டது. குத்தகையில் ஆரம்பச் செலவு குறைவு. ஆனால் தவணை தப்பினால் மறுநாள் வேலை நிற்கும். அறுவடைக்கு முந்தின நாள் குத்தகை முடிகிற நிலத்தை யாரும் எடுக்கமாட்டோம். ஆனால் பண்டிகை உற்பத்திக்கு நடுவில், புரட்டாசியில் முடிகிற லைசென்ஸைத் தேதி பாராமல் எடுத்துவிடுகிறோம்.

என்றைக்கும் உரியது என்ற வகையிலும் ஒரு தேதியைக் கவனிக்க வேண்டும். கம்பெனி அதைப் பழுது பார்த்துக்கொடுப்பதை நிறுத்தும் தேதி அது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடும் பொதுவான பராமரிப்பு முடிந்தது. லைசென்ஸ் செல்லாமல் போவதில்லை. கம்ப்யூட்டரும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் வேலியில் விழுகிற ஓட்டையை அடைக்க ஆள் இல்லை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற தீய நிரல் 150 நாடுகளுக்கு மேல் பரவி, கம்ப்யூட்டர்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் கம்பெனி இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அகப்பட்டுக்கொண்டவர்கள் அந்தத் திருத்தத்தை ஏற்றாதவர்கள். திருட்டுப் பிரதி வைத்திருப்பவர்கள், எங்கே அகப்பட்டுவிடுவோமோ என்று திருத்தங்களை வாங்காமலே நிறுத்திவைப்பது நாம் அறிந்ததே. பூட்டை உடைத்துத் தருவதாகச் சொல்லி வலையில் கிடைக்கிற சில்லறை நிரல்களிலேயே இத்தகைய நஞ்சு கலந்து வருவதும் உண்டு.

இலவசம் என்ற சொல்

'இலவசமாகக் கிடைக்கிறதே, அதற்கும் லைசென்ஸா?' என்று கேட்பவர்கள் உண்டு. ஆம், அதற்கும் உண்டு. இதில் இரண்டு இனங்களைப் பிரித்து அறிய வேண்டும்.

முதல் இனம் கட்டற்ற மென்பொருள். அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் இந்த இயக்கத்தைத் தொடங்கினார். யாரும் உபயோகிக்கலாம், பிரதி எடுக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம், உள்ளிருக்கும் நிரலைப் பார்த்து மாற்றவும் செய்யலாம் என்று அதன் லைசென்ஸே எழுத்து மூலம் அநுமதி தருகிறது. 1991-இல் தோன்றிய லினக்ஸும், கடிதம் எழுதவும் அட்டவணை போடவும் 2010-இலிருந்து கிடைத்துவரும் லிப்ரே ஆபீஸும் இந்த இனம். கேரளத்தில் பள்ளிக்கூடங்களின் கம்ப்யூட்டர் கல்வியே இத்தகைய மென்பொருளைக்கொண்டு நடக்கிறது. நம் சங்கங்களில் நான்கு கம்ப்யூட்டர் இருந்தால் நான்கிலும் விலை கொடுத்த அலுவலக மென்பொருள் வேண்டுமா என்பது யோசிக்கத் தக்கது. மகாசபை நோட்டீசும் நிகழ்ச்சிக் குறிப்பும் எழுதுகிற மேசைக்கு லிப்ரே ஆபீஸ் தாராளமாகப் போதும் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது இனம், சொந்த உபயோகத்துக்கு மட்டும் இலவசம். அல்லது சில நாட்களுக்கு மட்டும் பரீட்சார்த்தமாக இலவசம். வெளியூரிலிருந்தே நம் கம்ப்யூட்டரைத் திறந்து பழுது பார்க்க உதவுகிற நிரல்களில் சில இத்தகையவை. வீட்டில் பையன் உபயோகிக்கலாம்; காரியாலயத்தில் உபயோகித்தால் அது மீறல். குமாஸ்தா நல்லெண்ணத்தோடு இறக்கி வைக்கிற இந்தச் சிறு நிரல்கள்தாம் எண்ணுகிறபோது அதிகமாக வெளிப்படுகின்றன.

தமிழ் எழுத்துருக்களும் இதில் சேர்ந்தவையே என்பது பலருக்குத் தெரியாது. சேலைப் பெட்டியின் மேல் அழகான எழுத்தில் சங்கத்தின் பெயரை அச்சிடுகிறோம். அந்த எழுத்துருவை யார் செய்தது, வியாபாரத்துக்கு அநுமதி உண்டா என்று எவரும் கேட்பதில்லை. லோகித், நோட்டோ போன்ற யூனிகோட் தமிழ் எழுத்துருக்கள் கட்டற்ற லைசென்ஸில் கிடைக்கின்றன. லேபிளுக்கு அவற்றையே கொள்வது வம்பில்லாத வழி.

பதிவேடு எழுதும் விதம்

பெரிய நிறுவனங்கள் இதற்கென்றே தனி மென்பொருள் வைத்திருக்கின்றன, ஐ.எஸ்.ஓ. 19770 என்ற சர்வதேசத் தர விதியே 2006-இல் இதற்காக ஏற்பட்டது. நமக்கு 80 பக்கக் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். தளவாடப் பதிவேட்டின் பின்பக்கத்திலேயே எழுதினாலும் குற்றமில்லை.

ஒரு மென்பொருளுக்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். அதன் பெயரும் பதிப்பும், யார் பெயரில் வாங்கியது, எந்த வகை லைசென்ஸ், எத்தனை, பில் எண்ணும் தேதியும், எந்த வவுச்சரில் பணம் கொடுத்தது, முடியும் தேதி, பதிவு செய்த மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் எவை என்பவை தலைப்பில் வரவேண்டும். மின்னஞ்சலும் கைபேசியும் சங்கத்தினுடையதாகவே இருக்க வேண்டும். காரியதரிசியினுடையதாகவோ, கடைக்காரருடையதாகவோ, கம்ப்யூட்டர் தெரிந்த டைரக்டரின் மகனுடையதாகவோ இருக்கலாகாது. எங்கள் அநுபவத்துக்குப் பிறகு நான் முதலில் பார்ப்பது இந்த ஒரு கட்டத்தைத்தான்.

இரகசிய எண்களைப் பதிவேட்டில் எழுத வேண்டாம். பதிவேடு மேசை மேல் கிடப்பது, யார் கண்ணிலும் படும். அவற்றை உறையிலிட்டு முத்திரை வைத்து, பில்லின் நகலோடு இரும்புப் பெட்டியில் வைத்து, 'உறை எண் 3' என்று மட்டும் குறித்தால் போதும்.

பக்கத்தின் கீழ்ப்பாகம் நடமாட்டத்துக்கு உரியது. எந்தத் தேதியில் எந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றினோம், எப்போது எடுத்தோம், யார் உபயோகிக்கிறார் என்று நூல் வரவு செலவைப் போல எழுதிவர வேண்டும். அதற்குக் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இட்டு, பெட்டியின் மேல் வர்ணத்தால் எழுதிவிட வேண்டும். ஆள் விலகும்போதும், புது ஆள் வரும்போதும், பெட்டி பழுதாகும்போதும், பழைய பெட்டியை விற்கும்போதும் பதிவேட்டைத் திறக்காமல் காரியம் முடியக் கூடாது. பழைய சாமான் வியாபாரியிடம் பெட்டியைக் கொடுக்குமுன் லைசென்ஸை விடுவித்து, அங்கத்தினர்களின் கணக்கையும் துடைத்துவிட வேண்டும். எடைக்குப் போட்ட பெட்டியோடு லைசென்ஸும் போய்விட்டால் திரும்ப விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டிவரும்.

மார்ச்சு மாதத்தில் சரக்கிருப்பு எடுக்கும் அன்றே இதையும் எண்ணிவிடலாம். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஏற்றியுள்ள நிரல்களின் பட்டியலை அதுவே காட்டும். அதைப் படி எடுத்துப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். வாங்கியது எத்தனை, ஏற்றியது எத்தனை, உண்மையில் உபயோகத்தில் இருப்பது எத்தனை என்ற மூன்று எண்கள் வரும். வாங்கியதைவிட ஏற்றியது அதிகமானால் சட்டத் தவறு. உபயோகத்தைவிட வாங்கியது அதிகமானால் பண விரயம். டிசைன் மென்பொருளுக்கு ஆள் ஒருவருக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நால்வருக்கு வாங்கி இருவரே உபயோகித்தால் 40,000 ரூபாய் ஒவ்வொரு வருஷமும் காற்றில் போகிறது. அது நம் நெசவாளர்களின் கூலியில் எத்தனை பாவுக்குச் சமம் என்று டைரக்டர்கள் கணக்கிட்டுக்கொள்ளலாம். கம்ப்யூட்டரில் நிரல் ஏற்றுகிறவரே எண்ணுகிறவராகவும் இருக்கக் கூடாது. நூல் கிடங்குக்காரர் தனியே நூல் இருப்பு எடுக்க நாம் விடுவதில்லை அல்லவா?

விவசாயக் கடன் சங்கங்களின் நிலைமை சிறிது வேறு. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குக் கம்ப்யூட்டர் வசதி செய்ய 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் ஒப்புதல் தந்தது. அதில் எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவான ஒரே மென்பொருள். அதைத் தயாரிக்கும் பொறுப்பு நபார்டு வங்கியிடம். அங்கே சங்கம் எண்ண வேண்டியது பிரதிகளை அன்று, உள்ளே நுழையும் உரிமை பெற்ற ஆட்களை. மாற்றலாகிப் போன செயலாளரின் பெயர் இன்னும் உள்ளே திறந்திருந்தால், கடன் பேரேட்டின் சாவியை அவர் சட்டைப் பையிலேயே விட்டுவைத்ததற்குச் சமானம். ஆகையால் அந்தச் சங்கங்களுக்கும் இதே பதிவேடு வேண்டும். தலைப்புகள் மட்டும் மாறும்.

'சின்னச் சங்கத்தை யார் வந்து கேட்கப்போகிறார்கள்?' என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். கேட்க யாரும் வராமலே ஒன்பது நாள் கதவடைத்து உட்கார்ந்திருந்தோமே என்று மற்றொருவர் பதில் சொன்னார். பதிவேடு வைப்பதென்று அன்றே தீர்மானம் நிறைவேறிற்று.

இப்பொழுது அந்த எண்ணிக்கைக்கு எங்களுக்கு அரை நாள் பிடிக்கிறது. சென்ற மார்ச்சில் எண்ணியபோது, வாங்கியது மூன்றாகவும் ஏற்றியது நான்காகவும் ஒரு நிரல் அகப்பட்டது. 2-ஆம் எண் கம்ப்யூட்டரிலிருந்து அதை அன்றே நீக்கினோம். அந்த மேசையில் லிப்ரே ஆபீஸைக்கொண்டு வேலை நடக்கிறது.